பெட்டிவழி

டெஸ்மண்ட் கீபிளுக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துபோன பிறகு, இனி அவரை மாடியேற்றுகிற எண்ணமே வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொல்லியிருக்கவே வேண்டாம். அந்த வீட்டு மாடிப்படி நல்ல காலுள்ளவனையே மிரட்டுகிற படி. வீட்டின் நடுவில் நிற்கும் பெரிய செங்கல் புகைபோக்கியை ஒட்டி, கிணற்றுக்குள்ளிருந்து மேலே வருவதுபோலத் திருகித் திருகிப் போகும். ஒவ்வொரு படியும் ஒரு ஓரத்தில் பாதம் வைக்கலாம், மறு ஓரத்தில் விரல்கூட வைக்க முடியாது. நானூறு வருஷத்துக்கு முன்னால் ஓக் சட்டங்களை நிறுத்தி, இடையில் களிமண்ணும் வைக்கோலும் அடைத்து அந்த வீட்டைக் கட்டியவர்கள், படுத்த படுக்கையாய் ஒருவன் கிடப்பான் என்பதை யோசித்ததாகவே தெரியவில்லை.

மகன் ஆஸ்டின்தான் வண்டிக் கொட்டகையைப் பற்றிப் பேச்செடுத்தான். அவன் தச்சன். இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் பழைய பண்ணைக் கட்டடங்களை வீடாக மாற்றித் தருவதுதான் அவன் பிழைப்பு. சொந்த முற்றத்திலேயே களஞ்சியத்தையும் குதிரை லாயத்தையும் ஏற்கெனவே மாற்றியிருந்தான். கோடையில் லண்டன்காரர்கள் குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டுப் போவார்கள். நிலத்தைப் பக்கத்துப் பண்ணை ரோலி பாரெட் உழுதுகொண்டிருந்தார். மிச்சமிருந்தது வண்டிக் கொட்டகை ஒன்றுதான். முன்பக்கம் சுவரில்லாமல் ஐந்து மரத்தூண்கள் மட்டும் நிற்கும் நீளமான கொட்டகை. உள்ளே துருப்பிடித்த கலப்பையும் சக்கரம் கழன்ற வண்டியும் கோழி எச்சமும்.

ஆஸ்டின் வசந்தம் முழுக்க அதில் கிடந்தான். மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டான். பழைய கட்டடங்களைப் பார்க்கிற கவுன்சில் அம்மாள் வந்து, தூணில் கைவைக்கக் கூடாது, கூரையின் சாய்வை மாற்றக் கூடாது என்றாள். அவன் இரண்டையும் தொடவில்லை. தூண்களுக்கு நடுவில் கண்ணாடி வைத்தான். தரையை முற்றத்தோடு சமமாக்கி, நிலைப்படியே இல்லாமல் செய்தான். தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓட்டினான். கட்டிலைப் போட்டு அதில் தானே படுத்துப் பார்த்து, அப்பாவின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து முற்றமும் குளமும் வீடும் தெரிகிற மாதிரிக் கண்ணாடியை இறக்கி வைத்தான். ஒரு தூணில் வண்டிச் சக்கரத்தின் நடுக்குடம் உரசி உரசி வழவழவென்று ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதைத் தேய்க்காமல், வண்ணம் பூசாமல் அப்படியே விட்டான்.

டெஸ்மண்டைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த அன்று, அவர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். ஆஸ்டின் சுவரோரமாக நின்றான். கையிலிருந்த அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தான்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் டெஸ்மண்ட். "உடைஞ்ச வண்டியெல்லாம் இங்கதானே போடுவோம்."

"டெஸ்மண்ட்!" என்றாள் அவர் மனைவி மேவிஸ்.

"நான் என்ன இல்லாததையா சொன்னேன்?"

ஆஸ்டின் சிரித்தான். அந்தச் சிரிப்பு மேவிஸுக்குப் பழக்கமானது. சின்ன வயசில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாலும் இப்படித்தான் சிரிப்பான்.

மேவிஸுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. அதை யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணமாகி அந்தப் பண்ணைவீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு அங்கே குளிர்தான். மாமியாரின் சமையலறை, மாமியாரின் அலமாரி, மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் மாமியார் வைத்த இடத்திலேயே இருந்த பாத்திரங்கள். எங்கே நின்றாலும் காலுக்கடியில் தரை ஒரு பக்கமாகச் சரியும். முட்டையை மேசையில் வைத்தால் உருளும். இங்கே கொட்டகையில் தரை மட்டமாக இருந்தது. காலையில் வெறுங்காலோடு எழுந்து நிற்கலாம், கதகதவென்றிருக்கும். டெஸ்மண்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் தனக்கொரு சின்னக் கட்டில் போட்டுக்கொண்டாள். புருஷன் முடமான பிறகு தான் சுகமாகத் தூங்குகிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கோடை வந்தது. களஞ்சியத்தில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதன்பிறகுதான் வினை. கண்ணாடி வழியாக டெஸ்மண்டுக்கு முற்றம் தெரிந்தது. முற்றத்தில் போகிறவர்களுக்கு டெஸ்மண்ட் தெரிந்தார். சிலர் தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் போனார்கள். சிலர் கையசைத்தார்கள். கூரையைப் படம் எடுக்க வந்த ஒரு பெண், உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துப் பதறி மன்னிப்புக் கேட்டாள். ஒருநாள் மத்தியானம் மேவிஸ் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். திரையை இழுக்க மறந்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால், ஒரு சின்னப் பெண்குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறது. டெஸ்மண்ட் வலது கையால் துண்டை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொள்ளப் பார்த்தார். துண்டு நழுவித் தரையில் விழுந்தது.

அன்று சாயங்காலம் அவர் தேநீர் வேண்டாம் என்றார்.

"மீன் தொட்டி," என்றார். "என்னை மீன் தொட்டியில போட்டு வச்சிருக்கீங்க."

"திரை தச்சுப் போடுறேன். கனத்த துணியா எடுத்து."

"திரை போட்டா இருட்டு. எடுத்தா வேடிக்கை. எனக்கு மேல போகணும், மேவிஸ். என் கட்டில்ல படுக்கணும். நான் பொறந்த ரூம் அது."

"அந்தப் படியில உன்னை எப்படி ஏத்துறது? பேச்சுக்காவது ஒரு நியாயம் வேணாமா?"

டெஸ்மண்ட் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டின் வந்ததும் அவனிடமே சொன்னார். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொன்னான்: இதயம் பலவீனமாக இருக்கிறது, அலுங்காமல் வைத்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே மரச்சட்டத் தட்டி ஒன்று அடித்துவிடுகிறேன், உள்ளேயிருந்து பார்க்கலாம், வெளியேயிருந்து தெரியாது என்றான்.

"தட்டியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மேல கொண்டு போய் விடு."

"அப்பா, அந்தப் படியில ஸ்ட்ரெச்சர் திரும்பாது. உங்களுக்கே தெரியும்."

"படி வழியா யாருடா ஏத்தச் சொன்னா? பெட்டிவழி இருக்குல்ல?"

ஆஸ்டினின் முகம் செத்துப்போயிற்று. மேவிஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

பெட்டிவழி என்று அந்த வீட்டில் சொல்வது, பெரிய படுக்கையறையின் தரையில் இருக்கும் ஐந்தாறு பலகைகளை. மற்ற பலகைகளில் ஆணி அடித்திருக்கும், அவற்றில் மட்டும் கிடையாது. தூக்கி எடுத்தால் நேராகக் கீழே கூடம் தெரியும். படி வழியாகச் சவப்பெட்டி இறங்காது என்பதால், கட்டும்போதே விட்ட வழி. டெஸ்மண்டின் தாத்தாவை அப்படித்தான் கயிறு கட்டி இறக்கினார்கள். அப்பாவை இறக்கியபோது ஒரு கயிற்றை டெஸ்மண்டே பிடித்திருந்தார். அதற்குப் பிறகு அதன்மேல் மேவிஸ் கம்பளம் விரித்துவிட்டாள். அத்தனை வருஷமும் கட்டிலைவிட்டு இறங்கும்போது அந்த இடத்தில் கால் படாமல்தான் இறங்குவாள்.

"அது செத்தவங்களுக்கு," என்றான் ஆஸ்டின்.

"வழின்னு ஒண்ணு இருந்தா ரெண்டு பக்கமும் போகலாம்."

"நான் மாட்டேன்ப்பா. என்கிட்ட இதைக் கேக்காதீங்க." அவன் எழுந்துவிட்டான். கதவருகே போய்த் திரும்பினான். "இந்த ரூம்ல அப்படி என்ன குறை? அதையாவது சொல்லுங்க."

"குறையெல்லாம் ஒண்ணுமில்ல. ஊரான் வீடு மாதிரி இருக்கு. அவ்வளவுதான்."

ஆஸ்டின் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வேலை இருக்கிறது என்று போனில் சொன்னான்.

டெஸ்மண்ட் சாப்பாட்டைக் குறைத்தார். பிடிவாதத்துக்குச் செய்கிறாரா, உடம்புக்கே வேண்டியிருக்கவில்லையா என்று மேவிஸுக்குப் பிடிபடவில்லை. ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார். கண் எந்நேரமும் முற்றத்துக்கு அந்தப் பக்கம், வெளிறிய இளஞ்சிவப்புச் சுண்ணாம்பு பூசிய வீட்டின் மாடி ஜன்னல்மேலேயே இருக்கும். வாரம் இருமுறை வருகிற நர்ஸ், "கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்தா நம்ம அதிர்ஷ்டம்," என்று வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னாள். மேவிஸ் மகனுக்குப் போன் செய்தாள்.

"எனக்காகச் செய்யிடா," என்றாள்.

"நீ அங்கயே இருந்துக்கலாம்னு நினைச்சேன்மா. உனக்காவது பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்."

"எனக்குப் பிடிச்சு என்ன பண்ண? அவர் சாப்பிடவே மாட்டேங்குறார்."

போனில் அவன் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ரோலி அங்கிளை வரச் சொல்லு," என்றான்.

பார்லி அறுவடை முடிந்த சனிக்கிழமை காலை, ரோலி டிராக்டர் பட்டறையிலிருந்து இன்ஜின் தூக்குகிற சங்கிலியைக் கொண்டுவந்தார். ஆஸ்டின் கம்பளத்தைச் சுருட்டி, பலகைகளைக் கழற்றினான். மேலே அறையின் குறுக்கே ஓடும் பெரிய உத்தரத்தில் சங்கிலியை மாட்டினான். அப்பாவைக் கிடத்துவதற்கென்று ஓரத்தில் சட்டமும் வாரும் வைத்து ஒரு பலகைக் கட்டில் செய்து கொண்டுவந்திருந்தான். அதன் முனைகளைக்கூட உருட்டி, மெழுகு தேய்த்திருந்தான். மேவிஸ் அதைத் தடவிப் பார்த்தாள். ஒருநாள் உபயோகத்துக்கு எதற்கு மெழுகு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள்.

வாரைப் பூட்டும்போது ரோலி குனிந்து சொன்னார்: "ஊர்ல எல்லாரும் மேல போறதுக்குப் பயப்படுறாங்க. இவன் ஒருத்தன்தான் சங்கிலி போட்டு இழுங்கடான்னு அடம் பிடிக்கிறான்."

"நீ கீழயே கிடடா," என்றார் டெஸ்மண்ட். "உன் கனத்துக்கு உத்தரம் தாங்காது."

பல மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை மேவிஸ் பார்த்தாள். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று. ஆனாலும் சிரிப்புதான்.

ஆஸ்டின் மேலேயிருந்து சங்கிலியை இழுத்தான். கடகடவென்று ஒவ்வொரு கண்ணியாக ஏறிற்று. ரோலியும் மேவிஸும் கீழே நின்று பலகை சுழலாமல் பிடித்துக்கொண்டார்கள். பலகை அவர்கள் தலைக்குமேல் போய், இரண்டு தளத்துக்கும் நடுவில் தொங்கியபோது, டெஸ்மண்ட் "நிறுத்து" என்றார். வலி வந்துவிட்டதோ என்று மேவிஸ் அண்ணாந்து பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. இங்க என்னவோ வெட்டியிருக்கு."

அவர் முகத்துக்குப் பக்கத்தில், வெளியே ஒருநாளும் தெரியாத துணை உத்தரத்தின் பக்கவாட்டில், உளியால் கீறிய கோடுகள் இருந்தன. கட்டினவர்கள் எந்தச் சட்டம் எங்கே சேர வேண்டும் என்று போட்ட அடையாளம். ஆஸ்டின் மண்டியிட்டு, தலையைக் கவிழ்த்துப் பார்த்தான்.

"ஏழு," என்றான்.

"அப்போ எட்டு எங்க?"

"அடுத்த சட்டத்துல இருக்கும்ப்பா. உங்க கால் பக்கம்."

"ம்," என்றார் டெஸ்மண்ட். "இழு."

அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, பலகைகளைத் திரும்பப் பொருத்திவிட்டு, ஆஸ்டின் இறங்கி வந்தான். மேவிஸ் அவனுக்குச் சாப்பிட ஏதாவது வைக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றான். சங்கிலியை உத்தரத்திலேயே விட்டுவிட்டிருந்தான். அது எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாள் டெஸ்மண்ட் சந்தோஷமாக இருந்தார். சூப் குடித்தார். ரொட்டியைத் தானே பிட்டுத் தின்றார். இந்த மூலையில்தான் தன் தொட்டில் இருந்தது, இந்த உத்தரத்தில்தான் ஆந்தை வந்து உட்கார்ந்தது என்றெல்லாம் சொன்னார். மூன்றாம் நாள் பேச்சு குறைந்தது. மேவிஸ் கீழே சமையலறையில் நின்றால் அவர் கூப்பிடுவது கேட்காது. புகைபோக்கி அத்தனை தடிமன். கையில் தட்டோடு அந்தப் படியைத் திருகித் திருகி ஏறி வருவதற்குள் தேநீர் ஆறிவிடும், அவள் முட்டி பிடித்துக்கொள்ளும். ஈயப்பட்டியில் கண்ணாடிச் சில்லுகளைக் கோத்த ஜன்னல் சின்னது. படுத்திருப்பவருக்கு அதில் வானத்தில் ஒரு துண்டுதான் தெரிந்தது. முற்றத்தில் கார் வந்து நின்றால், "யாரது?" என்பார். "களஞ்சியத்துக்கு வந்தவங்க," என்பாள். "எத்தனை பேர்? குழந்தைங்க உண்டா?" என்பார்.

செப்டம்பர் நடுவில் ஒரு மத்தியானம். அவள் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"இந்நேரம் அங்க வெயில் போர்வை மேல வந்திருக்கும்."

"எங்க?"

"கொட்டகையிலதான். இந்தப் பொழுதுக்குக் காலிலிருந்து ஏறி முட்டி வரைக்கும் வரும். உணர்ச்சியில்லாத கால்னாலும் சூடு தெரியற மாதிரி இருக்கும்."

மேவிஸ் தலையணையைப் பிடித்தபடி நின்றாள்.

"பையன் நல்லாத்தான் கட்டியிருக்கான்," என்றார். "படுத்துப் பார்த்துக் கட்டியிருக்கான். படுத்துப் பார்க்காம அந்தக் கண்ணாடியை அங்க வச்சிருக்க முடியாது."

"இதை அவன்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்."

"நான் போன் பண்றேன். வந்து இறக்கட்டும். சங்கிலி அங்கேயேதானே இருக்கு."

"எந்த முகத்தை வச்சிக்கிட்டுக் கேக்கச் சொல்ற? இப்பத்தான் ஏத்தினான். மேல ஏத்து, கீழ இறக்குன்னு... அவன் என்ன எனக்கு வேலைக்காரனா?" மூச்சு வாங்கிற்று. "வரட்டும். இந்த ஞாயிறு வரட்டும். நானே சொல்லிக்கிறேன். நீ முந்திக்காதே, கிழவி. உன் வாய் சும்மா இருக்காது."

"சும்மா இருக்கேன்," என்றாள்.

சும்மாதான் இருந்தாள். அதுதான் பின்னால் அவளைப் போட்டு அரித்தது. அன்றே போனை எடுத்திருக்கலாம். ஞாயிறு வருவதற்குள், வெள்ளிக்கிழமை விடிந்ததும் தேநீரோடு ஏறிப்போனபோது, டெஸ்மண்ட் ஜன்னல் பக்கம் முகம் திரும்பிக் கிடந்தார். கை சில்லிட்டிருந்தது. அவள் தேநீரைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தரை சரிவில் கோப்பை மெல்ல நகர்ந்து சுவரில் போய் முட்டி நின்றது. அதை எடுத்து நேராக வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பெட்டியை இறக்கும்போது கயிறு வேண்டியிருக்கவில்லை. சங்கிலி இருந்தது. ஏற்றிய கையாலேயே ஆஸ்டின் இறக்கினான். ரோலி அன்று ஒன்றும் சொல்லவில்லை. கீழே நின்று இரண்டு கையாலும் பெட்டியின் அடியைத் தாங்கிக்கொண்டு, வாய்விட்டு அழுதார். ஆஸ்டின் அழவில்லை. ஒவ்வொரு கண்ணியாக, அவசரமில்லாமல் விட்டான். எல்லாரும் தேவாலயத்துக்குப் புறப்படுகிற நேரத்தில், ஒரு சுத்தியல் சத்தம் கேட்டு மேவிஸ் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தாள். அவன் மேலே அந்தப் பலகைகளில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா?" என்று கூப்பிட்டாள்.

"போதும்மா," என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அடக்கம் முடிந்து வந்த ஆட்கள் தின்று குடித்துக் கலைந்ததும், அவனை உட்காரவைத்துச் சொன்னாள். அப்பாவுக்கு உன் கொட்டகை பிடித்திருந்தது, திரும்பி வர ஆசைப்பட்டார், ஞாயிற்றுக்கிழமை உன்னிடமே சொல்வதாக இருந்தார். ஆஸ்டின் முழுக்கக் கேட்டான். அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"சரிம்மா," என்றான்.

அந்த ‘சரி’யிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் என்ன, உன்னைத் தேத்துறதுக்காகச் சொல்றேன்னு நினைக்கிறியா?"

"அப்படிச் சொல்லல."

"நினைக்கிறே."

"அவரை எனக்குத் தெரியும்மா. ஒரு வேலையை நல்லாயிருக்குன்னு என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. கடைசியில மட்டும், அதுவும் நான் இல்லாதப்போ சொன்னாரா?" அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். "விடு. எனக்கொண்ணும் இல்ல."

மேவிஸ் கொட்டகையிலேயே குடியிருந்தாள். வீட்டை ஒரு குடும்பம் வாடகைக்கு எடுத்துக்கொண்டது. அவர்கள் பிள்ளைகள் அந்தப் படியில் ஆடுகள்போல ஏறி இறங்கினார்கள். ஆஸ்டின் பழைய கட்டடங்களை மாற்றுகிற வேலையை விட்டுவிட்டு, நாரிச் பக்கம் புது வீடுகளுக்குச் சமையலறை அலமாரி பொருத்தப் போனான். ஏன் என்று கேட்டால், அதில் தலைவலி இல்லை என்றான். ஞாயிறு தவறாமல் வந்தான். வந்தால் நாற்காலியில் முற்றத்துக்கு முதுகு காட்டி உட்காருவான்.

வருஷம் திரும்பி, ஒரு ஞாயிறு. மழை பெய்துகொண்டிருந்தது. அவனாகவே கேட்டான்:

"அப்பா சொன்னார்னியே, சரியா என்னதான் சொன்னார்?"

மேவிஸ் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இந்நேரம் வெயில் வந்திருக்கும்னார். உன் பையன் கெட்டிக்காரன், படுத்துப் பார்த்துத்தான் இதைக் கட்டியிருக்கான்னார்."

ஆஸ்டின் கோப்பையைக் கீழே வைத்தான்.

"போன தடவை, கெட்டிக்காரன்னு சொன்னதா நீ சொல்லலையேம்மா."

"கெட்டிக்காரன்னா... நல்லாக் கட்டியிருக்கான்னார். அந்த அர்த்தத்துலதான். பையன்னார். உன் பையன்னு சொல்லல, பையன் நல்லா... பையன் நல்லாத்தான்..." அவள் நிறுத்தினாள். எது டெஸ்மண்ட் சொன்னது, எது இத்தனை மாதமாக மனசுக்குள் ஓட்டி ஓட்டித் தான் சேர்த்தது என்று அவளுக்கே குழம்பிற்று. "படுத்துப் பார்த்துக் கட்டினான்கிறது சத்தியமா அவர் சொன்னதுடா. அது எனக்கு எப்படித் தெரியும்? நீ படுத்துப் பார்த்ததை நான் பார்க்கக்கூட இல்லையே."

"நான்தான் உன்கிட்ட சொன்னேன்மா. கட்டும்போதே."

சொல்லியிருந்தானா? அவளுக்கு ஞாபகமில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆஸ்டின் எழுந்து தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் உச்சந்தலையில் ஒரு முத்தம் வைத்தான். அடுத்த வாரம் வரும்போது இறைச்சி வாங்கி வருகிறேன், நீ எதுவும் சமைக்காதே என்றான். வண்டி முற்றத்தைத் தாண்டிச் சாலையில் ஏறுகிற சத்தம் கேட்டது.

மேவிஸ் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். டெஸ்மண்டின் குரலில் அந்த வாக்கியத்தை ஒருமுறை, ஒரே ஒருமுறை கேட்டுவிட முடியாதா என்று கண்ணை மூடிப் பார்த்தாள். வார்த்தைகள் வந்தன. எல்லாம் அவள் குரலில் வந்தன.